லைற் போடுகிற நல்ல சனம்

வாகீசன் தன் வீட்டு முன் ஜன்னலில் ஒரு கண் ஸ்ரிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி இராஜேஸ்வரி கையில் அகப்பையோடு வந்து நின்று பார்த்தாள்.

"என்னப்பா உது?"

"நெய்பர்ஹூட் வாட்ச். தெருவுக்குக் காவல். குறிப்பிட்ட சில வீட்டுக்காரரைத்தான் சேர்த்திருக்கினம். தமிழாக்களிலை நான் மட்டுந்தான்."

"இந்தத் தெருவிலை தமிழாக்களே நாங்கள் மட்டுந்தானே?"

வாகீசன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்ரிக்கரின் ஓரத்தில் இருந்த காற்றுக் குமிழைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"ஊர் உலகத்திலை சனம் கண்ணூறு படக்கூடாதெண்டு என்னவெல்லாமோ கட்டித் தொங்கவிடுது. நீங்கள் கண்ணையே கொண்டுவந்து வீட்டிலை ஒட்டுறியள்" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குப் போனாள்.

அது கறுப்பு வட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கண். கள்ளர் அதைக் கண்டால் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது ஐதீகம். கண்ணாடியில் ஒட்டியதால் அது உள்பக்கமும் தெரிந்தது. சோபாவில் இருந்து ரீவி பார்க்கும்போது யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் கண். வாகீசன் ஒரு கிழமையில் அதற்குப் பழகிவிட்டார். பழகிவிட்டதாகச் சொன்னார்.

அவர் ஊரில் வங்கிக் கிளார்க். கனடாவில், ஐஸ்கிறீம் வாளிகளின் மூடி வாளியோடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கும் உத்தியோகம். மூடி பொருந்தாத வாளியைத் தூக்கி அப்பால் போட வேண்டும். இந்த வேலையில் பல வருடம் நின்ற மனிதனுக்கு, தான் எந்த வாளியின் மூடி என்ற கேள்வி வராமல் இருக்காது. மோர்னிங்சைட் அப்பார்ட்மென்றை விட்டு ரூஜ் பகுதியில் இருந்த இந்தப் புது வீட்டுக்கு வந்து, மூலை வீட்டுத் தக் என்ற வெள்ளைக்காரர் "விக், எங்கள் குழுவில் சேருங்கள்" என்று கேட்டபோது, 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாக வாகீசனுக்குத் தோன்றியது. பொருந்திவிட்டது. 'வாகீசன்' என்ற பெயர் தக்கின் வாயில் 'விக்' ஆனதைப் பற்றி அவருக்குக் குறை இல்லை. மூடி பொருந்துவதற்குக் கொஞ்சம் நறுக்கத்தானே வேண்டும்.

அந்த வீட்டில் மகள் நிரூபாவோடு இன்னொருவரும் இருந்தார். இராஜேஸ்வரியின் அண்ணர் சண்முகலிங்கம். மாசி மாதம் அமெரிக்காவின் பஃபலோ எல்லையால் வந்து இறங்கியவர். புரட்டாதியில் அவருடைய அகதிக் கேஸ் ஹியரிங். அதுவரை வேலையும் இல்லை. காலையில் குளித்து, படியின் கீழே இருந்த அலுமாரியைச் சாமியறை ஆக்கி, அதற்குள் பாதி உடம்பை நுழைத்துப் பூசை செய்வார். பிறகு நாள் முழுக்க ரீவிக்கு முன்னால்.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கோடை. அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற கறுப்புப் பந்தாட்டக்காரர் மீதான கொலை வழக்கு காலையிலிருந்து மாலைவரை ரீவியில் போய்க்கொண்டிருந்தது. சண்முகலிங்கம் அதை ஒரு நாளும் தவறவிடுவதில்லை.

"தம்பி, அவன் செய்தானோ செய்யேல்லையோ எண்டதை விடுங்கோ. வெள்ளையள் எல்லாம் ஒரு பக்கம், கறுப்பர் எல்லாம் மற்றப் பக்கம். கவனிச்சியளே?"

"அத்தான், உது அமெரிக்கா. அங்கையே உந்த நிறக் கதை இப்ப முடிஞ்சமாதிரித்தான். சுப்ரீம் கோட்டிலை நீதவான் கறுப்பு, ஆமியிலை ஜெனரல் கறுப்பு. ரீவிக்காரர்தான் ஊதுறாங்கள். கனடாவிலை உது தொடங்கவே இல்லை."

படியில் இருந்து பாடப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த நிரூபா தலையைத் தூக்கினாள். "அப்பா, ஆர் யூ சீரியஸ்? நேற்றும் டெஸ்மண்ட் அங்கிளைக் கறுவல் எண்டு சொன்னனீங்கள்."

"அது பாசத்திலை சொன்னது."

"எனிவே, நீங்கள் அவரைவிட டார்க்."

சண்முகலிங்கம் விளம்பரம் வந்ததால் மட்டும் சிரித்தார்.

டெஸ்மண்ட் முன்வீட்டுக்காரர். ஜமேக்காவில் பிறந்து, நியூயோர்க்கில் பத்து வருடம் இருந்து, கனடாவுக்கு வந்து பஸ் ஓட்டுகிறவர். தனி ஆள். விடிவதற்கு முன்னமே போய் முதல் பஸ்ஸை எடுக்க வேண்டும். முதல் பனிக்காலத்தில் ஓவர்ரைம் வேலைக்கு வெளிக்கிட்ட வாகீசனின் கார் ஒரு காலை செத்துப்போய்க் கிடந்தபோது, அந்த இருட்டில் உயிரோடு இருந்த ஒரே மனிதர் அவர்தான். தன் காரைக் கொண்டுவந்து முகத்துக்கு முகம் நிறுத்தி, வயர் கொழுவி, உயிர் கொடுத்தார். சினோப்பனியை முதுகால் அள்ளாமல் முழங்காலால் அள்ளவும் சொல்லிக் கொடுத்தார். பிறகு பனிக்காலம் முழுக்க, அந்தத் தெருவின் முதல் இரண்டு கார்களும் ஒன்றுக்கொன்று லைற் அடித்துக் கும்பிட்டுப் போயின. டெஸ்மண்ட் எப்போது வெளிக்கிடுவார் என்பது வாகீசனுக்கு அப்படித்தான் தெரியும்.

ஆனியில் பூக்கள் காணாமல் போகத் தொடங்கின.

தக்கின் கராஜ், பெரும்பாலான வீடுகளின் குசினியைவிடச் சுத்தம். சுவரில் சுத்தியல், குறடு என்று ஒவ்வொரு ஆயுதத்துக்கும் அதன் உருவம் கீறி, அந்த உருவத்தின்மேல் அது தொங்கியது. தக் முன்னாள் தீயணைப்புப் படைக்காரர். எது இல்லை என்றாலும் உடனே தெரிய வேண்டும் அவருக்கு. அன்று கூட்டத்துக்கு வந்த தெருச்சனம் மடக்குக் கதிரைகளில் இருந்தது. தக்கின் மனைவி கெரல் எலுமிச்சம்பழத் தண்ணீர் கொடுத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

அவளுடைய பியோனிகள் போயிருந்தன. முட்டைக்கோசு அளவு வரும் இளஞ்சிவப்புப் பூக்கள். ஒரு செடியில் ஒன்று, மற்றச் செடியில் ஒன்று என்று, யோசித்து யோசித்து நகத்தால் கிள்ளியிருந்தார்கள். மற்ற வீடுகளில் ரோசா.

"முந்தாநாள் விடியக்காலை கண்டேன்" என்றாள். "ஆள் வந்தால் தானாக எரியுமே, அந்த லைற் எரிந்தது. மேலே இருந்து எட்டிப் பார்த்தேன். ஒரு மனிதன். காதுவரை தொப்பி. கையில் பை. லைற் எரிந்ததும் ஓடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை." அவள் தன் முழங்கையைத் தானே பிடித்துக்கொண்டாள். "நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான்."

கராஜ் குளிர்ந்துபோனது.

"பூ அல்ல விடயம்" என்றார் தக் மெதுவாக. "எந்த வீட்டில் யார் எப்போது எழும்புகிறார்கள் என்று பார்த்து வைக்கிறான். ஆள் எப்படி?"

"கறுப்பு" என்றாள் கெரல். சொன்ன பிறகுதான் வாகீசன் இருப்பது ஞாபகம் வந்தது. குனிந்து அவருடைய மணிக்கட்டைத் தொட்டாள். "உங்களைப் போல இல்லை, விக். மற்ற மாதிரிக் கறுப்பு."

வாகீசனுக்கு அந்தத் தொடுகை இதமாக இருந்தது. பிறகு எவ்வளவோ தடவை அவர் இந்த இடத்துக்குத் திரும்பி வந்து, கோபம் வந்திருக்க வேண்டுமே, சந்தேகமாவது வந்திருக்க வேண்டுமே என்று தேடிப் பார்த்தார். இல்லை. இதமாகத்தான் இருந்தது. 'மற்ற மாதிரி' என்ற அந்த வாளிக்குத் தன் மூடி இல்லை என்று தெரிந்த இதம்.

அந்தக் கராஜில் வாகீசன் அதுவரை "தாங்க் யூ" தவிர ஒன்றும் பேசியதில்லை. இப்போது அவரிடம் ஒரு முழு ஆங்கில வசனம், இரண்டு பாகமாக, தயாராக இருந்தது. முதல் பாகத்தைச் சொன்னார்.

"என் முன்வீட்டு டெஸ்மண்ட் ஒவ்வொரு நாளும் விடிய முன்னமே வெளியே வருவார்."

இரண்டாம் பாகம், 'அவரைக் கேட்டால் அந்த ஆளைக் கண்டிருப்பார்' என்பது.

"ஆ" என்றார் தக்.

ஒரு எழுத்து. கதிரைகள் கிரீச்சிட்டன. தலைகள் ஒன்றையொன்று பார்த்தன. இரண்டாம் பாகத்துக்கு இடமே இருக்கவில்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்று வாகீசன் தன்னைத் தேற்றிக்கொண்டார். வாய் அவருடையது, வசனமும் அவருடையது, இடம் மட்டும் யாரோ தர வேண்டியிருந்ததுபோல.

"கவனியுங்கள்" என்றார் தக், எழுந்து. "இது அமெரிக்கா அல்ல. நாங்கள் நிறம் பார்க்கிறவர்கள் அல்ல. எல்லோருக்கும் தெரியும். நான் பொலிஸில் எனக்குத் தெரிந்த பெடியனோடு பேசுகிறேன். சும்மா போய் விசாரிக்கட்டும்."

போகும்போது வாகீசனின் தோளில் தட்டினார். "நல்ல வேலை, விக்."

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, திருநீறு பூச அலுமாரிக் கதவைத் திறந்தார். சாமிப்படங்களுக்கு முன்னால், முருகனின் காலடியில், முட்டைக்கோசு அளவில் ஒரு இளஞ்சிவப்புப் பூ இருந்தது. பிள்ளையாருக்கு இன்னொன்று. சரஸ்வதிக்கு அடுத்த வீட்டு ரோசா.

அவர் கையில் எடுத்த திருநீற்றைத் திரும்பவும் தட்டில் போட்டார்.

"அத்தான்!"

சண்முகலிங்கம் ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தார்.

"உந்தப் பூ எங்காலை?"

"உங்கை றோட்டுக் கரையிலைதான். ஏன் தம்பி?"

"அது மற்ற ஆக்களின்ரை வளவெல்லே!"

"வளவெண்டால் வேலி இருக்கும்." சண்முகலிங்கம் அறிந்த ஒன்றைச் சொல்கிற தோரணையில் சொன்னார். "இஞ்சை ஒரு வீட்டுக்கும் முன்பக்கம் வேலி இல்லை. வேலிக்குள்ளை நிக்கிற பூவையே சாமிக்கெண்டால் ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம். இது வெளியிலை நிக்கிறது. அதுவும் நான் மொட்டையடிக்கிறேல்லை. ஒரு செடியிலை ஒண்டு. தேனீ வாறதுக்கு முன்னம்."

"ஆரும் கண்டவையோ?"

"காணாமல்? எல்லாருக்கும் தெரியும். நல்ல சனம் தம்பி. நான் போற போற வீட்டிலை, எனக்கு இருட்டெண்டு லைற் போடுகினம். அந்த மூலை வீட்டுப் பொம்பிளை நித்திரையும் கொள்ளாமல் எழும்பி வந்து போடுறா. நான் கையைக் காட்டிப்போட்டு வாறனான்."

வாகீசன் படியில் இருந்துவிட்டார். சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால் வேறொன்று வந்துகொண்டிருந்தது. அது வருவதற்கு முன் சிரித்து முடித்துவிட வேண்டும்போல இருந்தது.

"என்ன தொப்பி போட்டனீங்கள்?"

"உங்கடை மங்கித் தொப்பிதான். ஆனியெண்டாலும் விடியக் குளிருது."

இராஜேஸ்வரி கதையைக் கேட்டதும் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"லோயர் என்ன சொன்னவர்? ஹியரிங் முடியுமட்டும் அண்ணையின்ரை பேர் ஒரு இடத்திலையும் வரக்கூடாதெண்டு சொன்னவரோ இல்லையோ? பொலிஸ் பேர் பதிஞ்சால், களவெண்டு எழுதினால், திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். எங்கை அனுப்புவாங்கள் எண்டு தெரியுந்தானே?"

"அப்ப டெஸ்மண்ட்?"

"அவருக்கென்ன? சிற்றிசன். வந்து கேட்பாங்கள், இல்லையெண்டு சொல்லுவார், போவாங்கள். நீங்கள்தானே சொன்னனீங்கள் இஞ்சை உது இல்லையெண்டு?"

சொன்னது அவர்தான். சண்முகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு, இனி வெளியே கை வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து சாமிக்குக் கடையில் வாங்கிய, வாசமில்லாத, தண்டில் ரப்பர் போட்ட பூ.

அந்தக் கிழமை பொலிஸ்காரர் டெஸ்மண்டின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்தக் கிழமையிலிருந்து தெருவில் ஒரு பூவும் காணாமல் போகவில்லை.

தக் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு வாகீசனிடம் வந்தார். "கவனித்தீர்களா, விக்? தட்டினார்கள், நின்றுவிட்டது. இதைவிட என்ன வேண்டும்?"

அத்தானின் நல்ல குணமே சாட்சியாகிவிட்டது. அத்தான் களவை நிறுத்தாமல் இருந்திருந்தாலாவது டெஸ்மண்ட் தப்பியிருப்பார். அடுத்த நாள் தானே போய் இரண்டு ரோசா கிள்ளுவோமா என்றுகூட வாகீசன் யோசித்தார். நாற்பத்து நான்கு வயதில், ஐஸ்கிறீம் மூடிப் பரிசோதகர், மங்கித் தொப்பியோடு. நினைக்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. செய்யவில்லை.

அதன்பிறகு விடியக்காலைகளில் ஒரு பொலிஸ் கார், லைற்றை அணைத்துவிட்டு, தெருமுனையில் நிற்கத் தொடங்கியது. டெஸ்மண்ட் வெளிக்கிட்டால் பின்னால் போகும். சில நாள் நிறுத்தும். வாகீசன் படுக்கையறைத் திரைச்சீலையின் இடுக்கால் பார்ப்பார். கீழே முன்ஜன்னலில் கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை டெஸ்மண்ட் இரண்டு கையிலும் கோப்பியோடு வந்து கதவடியில் நின்றார். உள்ளே வரவில்லை. படியில் இருந்தார். வாகீசனும் பக்கத்தில் இருந்தார்.

"இந்த மாதம் மூன்று தடவை பிந்திப் போயிருக்கிறேன், விக். முதல் பஸ். ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற சனம் நிற்கும். டிப்போவில் என்ன சொல்ல? பூக் களவெடுத்தேன் என்று நினைக்கிறார்கள் என்றா?"

"பைத்தியக்காரத்தனம்" என்றார் வாகீசன்.

"நியூயோர்க்கில் எனக்குச் சுகம். அங்கே வேலி தெரியும். இந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். முகத்துக்கு நேரே சொல்லுவான். இங்கே எல்லோரும் கேக் செய்து கொண்டுவந்து தருகிறார்கள். வேலி இல்லை. மோதி மூக்கு உடைந்த பிறகுதான் அது எங்கே இருந்தது என்று தெரிகிறது." கோப்பியை ஒரு வாய் குடித்தார். "நீ அந்தக் கூட்டத்துக்குப் போகிறாய். என் பெயரை யார் சொன்னது?"

கோப்பியின் மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது. வாகீசன் அதை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"நான் அன்று கூட்டம் முடிய முன்னமே வந்துவிட்டேன்."

டெஸ்மண்ட் தலையை ஆட்டினார். "சரி. நானே தக்கைக் கேட்கிறேன்."

கேட்டார். நேரே போய், மணி அடித்து, அமைதியாகக் கேட்டார். அன்று பின்னேரமே தெரு முழுக்க வேறொரு கதை: அவன் தக்கின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். கெரல் தனியாக இருந்திருந்தால்?

"இனிப் பொறுக்க முடியாது" என்றார் தக். "நாளைக்கு விடிய என் வானுக்குள் இருந்து பார்ப்போம். பொலிஸுக்கும் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள், விக். அவனுடைய நேரம் உங்களுக்குத்தான் தெரியும்."

வாகீசன் போனார். தான் அங்கே இருந்தால் பிழையாக ஒன்றும் நடக்காது என்று இராஜேஸ்வரியிடம் சொன்னார். அவள், "நீங்கள் இருந்தாப்போலை?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் நல்லூர்க் கொடியேற்றம் என்பதை வாகீசன் மறந்தே போனார். சண்முகலிங்கம் மறக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர்தான். ஆனால் முருகனுக்குக் கொடியேறுகிற அன்றும் ரப்பர் போட்ட பூவா என்று இரவு முழுக்கப் புரண்டிருக்கிறார்.

வானுக்குள் பிளாஸ்க் கோப்பியும் நாய் வாசமும் இருந்தன. வெளியே தெரு சாம்பல் நிறத்தில் கிடந்தது. தக்கின் கையில் செங்கல் அளவில் ஒரு போன். ஒரு குருவி மட்டும் எங்கேயோ கத்தத் தொடங்கி, யாரோ வாயைப் பொத்தியதுபோல நிறுத்தியது.

அப்போது ஒரு வீட்டுக் கதவு திறந்தது. வாகீசனின் வீட்டுக் கதவு.

தக் மற்றப் பக்கம், டெஸ்மண்டின் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் கதவைக் காணவில்லை. வாகீசன் கண்டார். மங்கித் தொப்பி. நிரூபாவின் பழைய கறுப்பு ஜக்கெற். கையில் பிளாஸ்ரிக் பை. வாகீசன் மனதுக்குள் சொன்னார்: போங்கோ அத்தான். திரும்பிப் போங்கோ. சண்முகலிங்கம் நேரே, பியோனி முடிந்த கெரலின் பாத்தியில் பூத்திருந்த ரோசாக்களுக்கு வந்தார்.

லைற் பளீரென்று எரிந்தது. சண்முகலிங்கம் மேல் ஜன்னலைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அதோ" என்று மூச்சுவிட்டார் தக். போனில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

அதே நேரம் முன்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு டெஸ்மண்ட் வந்தார். பஸ் சாரதியின் சீருடை, கையில் சாப்பாட்டுப் பை. தெருமுனையில் இருந்து பொலிஸ் கார் சத்தமில்லாமல் உருண்டு வந்தது. அதன் வெளிச்சம் ரோசாக்களின் பக்கம் ஒரு கணம் போனது. அங்கே, லைற்றுக்குக் கீழே, கையில் பூவோடு ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். வெளிச்சம் அவரைத் தாண்டி, தெருவைக் கடந்து, டெஸ்மண்டில் போய் நின்றது.

இரண்டு பொலிஸ்காரர் இறங்கினார்கள். சத்தமாக ஏதோ சொன்னார்கள். டெஸ்மண்ட் மறுகேள்வி இல்லாமல் சாப்பாட்டுப் பையைக் காரின் மேலே வைத்து, இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து, விரல்களை அகல விரித்தார். யாரோ எப்போதோ நன்றாகச் சொல்லிக் கொடுத்த பாடம்.

சண்முகலிங்கம் அசையாமல் நின்றார். ஒரு பொலிஸ்காரன் திரும்பி அவரைக் கண்டான். "ஐயா, தயவுசெய்து வீட்டுக்குள் போங்கள். இங்கே நிற்பது உங்களுக்கு ஆபத்து."

வாகீசன் வானின் கதவைப் பிடித்தார். தக்கின் கை அவருடைய சட்டையைப் பிடித்தது. "இருங்கள், விக். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

அவர் இறங்கினார். பெரிய வீரத்தோடு இறங்கியதாகச் சொல்ல முடியாது. கால் வழுக்கி, ஒரு கையை நிலத்தில் ஊன்றித்தான் எழும்பினார். நடுத்தெருவில் நின்றபோது ஆங்கிலம் முழுவதும் எங்கேயோ போயிருந்தது. கிடைத்ததை எடுத்துப் போட்டார்.

"பூ... இவர். இவர் எடுத்தது. என் மனைவியின் அண்ணர். கடவுளுக்கு. எல்லா நாளும் இவர்தான். அவர் இல்லை. அவர் வேலைக்குப் போகிறவர்."

பொலிஸ்காரன் சண்முகலிங்கத்திடம் நடந்தான். பையைத் திறந்து ரோசாக்களைப் பார்த்தான். தொப்பியை ஏற்றிவிட்ட நெற்றியில் மூன்று கோடு திருநீறு. வாகீசன் கண்ணை மூடிக்கொண்டார். ஹியரிங், லோயர், கொழும்பு விமான நிலையம் எல்லாம் மூடிய கண்ணுக்குள் ஓடின.

பொலிஸ்காரன் சிரித்தான்.

கெரல் இரவுச் சட்டையோடு கதவடிக்கு வந்தாள். விளக்கம் கேட்டதும் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தாள். "கடவுளுக்கா? ஓ, எவ்வளவு அழகு! விக், இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே!" தக் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, சண்முகலிங்கத்தின் முதுகில் தட்டினார். பொலிஸ்காரன் அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. இத்தனை கிழமையாக வாகீசன் வீட்டுக்குள் அடைகாத்து வைத்திருந்த பயம் அவ்வளவுதான். ஒரு சிரிப்புக்குள் முடிந்தது.

சிரிப்பு ஓய்ந்தபோதுதான் வாகீசன் திரும்பிப் பார்த்தார். தெருவின் அந்தப் பக்கம் டெஸ்மண்டின் கை இரண்டும் இன்னும் காரின் மேலேயே இருந்தன. மற்றப் பொலிஸ்காரன் சாப்பாட்டுப் பையைத் திறந்து சான்ட்விச்சைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் போகலாந்தானே?" என்று கேட்டார் வாகீசன். "பூ இவர் எடுத்தது."

"அது சரி, ஐயா. இது வேறு விடயம்."

"என்ன விடயம்?"

"நீங்கள் வீட்டுக்குள் போங்கள்."

வெயில் ஏறிவிட்டது. எங்கேயோ ஒரு தரிப்பிடத்தில் சனம் பஸ் வராத திசையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். பொலிஸ் போக விட்டபோது, டெஸ்மண்ட் பிரித்த சான்ட்விச்சைத் திரும்பச் சுற்றினார். சுற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"உன் வீட்டு மனிதருக்காக நீ வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கு விளங்கும். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். என் நேரத்தை யார் சொன்னது, விக்?"

வாகீசன் நிலத்தைப் பார்த்தார். ஊன்றிய கையில் ஒட்டிய மண் இன்னும் இருந்தது.

"ம்" என்றார் டெஸ்மண்ட். காரை எடுத்துக்கொண்டு போனார். லைற் அடிக்கவில்லை.

அன்றிலிருந்து கெரல் ஒரு சின்னக் கூடையில் பூக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போனாள். சண்முகலிங்கம் அதைத் தொடவில்லை. "உது வேண்டாம் தம்பி. உதைச் சாமிக்கு வைக்க எனக்கு மனம் வரேல்லை." பூக்கள் கூடையிலேயே கறுத்துப்போயின. இராஜேஸ்வரி யாரும் காணாமல் குப்பையில் போட்டாள். புரட்டாதியில் ஹியரிங் நல்லபடி முடிந்தது. அந்தச் செய்தியை முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது வாகீசனுக்கு நினைவு வந்த முகம் முன்வீட்டு முகம். அந்த வீட்டில் விற்பனைப் பலகை நின்றது.

ஐப்பசியில் டெஸ்மண்ட் போய்விட்டார். அதே கிழமை, பந்தாட்டக்காரரை விடுதலை செய்து, ரீவி வழக்கின் தீர்ப்பும் வந்தது. தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் கறுப்பர் இருந்த ஒரு மேசை கைதட்டியது, மற்ற மேசைகள் பேசாமல் இருந்தன. வாகீசன் எந்த மேசையில் இருப்பது என்று தெரியாமல் தட்டோடு நின்றார். பின்னேரம் தக் இலை கூட்டிக்கொண்டிருந்தார். "பார்த்தீர்களா, விக், அமெரிக்கர்கள் ஒருநாளும் இதைத் தாண்டப் போவதில்லை. நல்லகாலம், நாங்கள் இங்கே இருக்கிறோம்." பிறகு, கூட்டுவதை நிறுத்தாமல், "என் சுவரில் இருந்த பெரிய கத்தரிக்கோலைக் காணவில்லை. நீங்கள் ஏதும் இரவல் எடுத்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லையே."

"சும்மா கேட்டேன்."

அடுத்த கிழமை ஓவர்ரைம் தொடங்கியது. வாகீசன் விடிவதற்கு முன் எழும்பி, மங்கித் தொப்பியை இழுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தார். முன்வீடு இருட்டாகக் கிடந்தது. இப்போது அந்தத் தெருவில் அந்த நேரத்துக்கு வெளிக்கிடுகிற ஒரே கார் அவருடையது. கார்ச் சாவியைத் தேடிப் பையைத் துழாவும்போது மூலை வீட்டில் லைற் பளீரென்று எரிந்தது. அவ்வளவு தூரம் எட்டாத லைற் அது. யாரோ அதை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்க வேண்டும்.

மேல் ஜன்னலில் திரைச்சீலை விலகி நின்றது.

இருட்டென்று போடுகினம், நல்ல சனம் என்று அத்தானின் குரல் உள்ளே சொன்னது. வாகீசன் கையைத் தூக்கி ஆட்டினார். திரைச்சீலை அசையவில்லை. லைற்றும் அணையவில்லை. எரிகிற லைற்றில் தூக்கிய கையை எப்போது இறக்குவது, இறக்கினால் என்ன நினைப்பார்கள் என்று தெரியாமல், அவர் விரல்களை அகல விரித்தபடி அப்படியே நின்றார்.